ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எங்கே தங்குவது?

கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தசராவை ஒட்டியோ, ஐப்பசித் துலா ஸ்நானத்துக்காகவோ, கோடை விடுமுறையிலோ மைசூர்ப் பக்கம் பிரயாணம் புறப்படும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பகலில் பார்த்துவிட்டு மாலையிலேயே மைசூருக்குப் போய்விடுவதா? அல்லது காவிரி சூழ்ந்த அந்தத் தீவிலேயே ஓர் இரவு தங்குவதா? இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர் தூரந்தான். ஆகவே பெரும்பாலோர் மைசூரையே தேர்ந்துகொள்கிறார்கள். தீவுக்கு அவர்கள் ஒதுக்குவது அரைநாளே.

இக்கேள்வி நமக்கு முன்பே பலரை எதிர்கொண்ட கேள்வி. அரசர்களும், தளபதிகளும், திவான்களும், பட்டாளத்துச் சிப்பாய்களும் அங்கே தங்குவதா வேண்டாமா என்று யோசித்திருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாரார் கண்ட விடைதான் பெங்களூரில் தமிழர் பெருகுவதற்கும், பின்னர்க் கோலாரில் தங்கச் சுரங்கம் தோன்றுவதற்கும் வழிவகுத்தது. தங்கவயல் தமிழர் ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலின்மீது நிற்கும்போது, தம் முன்னோர் இடம்பெயர்ந்து வந்த கதையின் முதல் ஏட்டின்மீதே நிற்கிறார் எனலாம். அக்கதையை வரிசையாகக் காண்போம்.

இத்தீவில் தங்குவதற்கு முதலில் இடம் பிடித்தவர் அரங்கநாதரே. காவிரி மூன்று இடங்களில் கிளை பிரிந்து தீவுகளைத் தழுவிச் செல்கிறது. அம்மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அந்தியரங்கம். ஆதிரங்கத்துக் கோயிலைக் கங்கர் ஆட்சிக் காலத்தில், கி.பி. 894-இல், திருமலையா என்ற தலைவர் எழுப்பினார் என்பது வரலாறு. 12-ஆம் நூற்றாண்டில் இராமாநுசர் ஹொய்சள நாட்டுக்கு எழுந்தருளி, வடக்கே உள்ள மேலுக்கோட்டையில் வாழ்ந்தார். அவரைப் பின்பற்றிய வைணவர்கள் இவ்வட்டாரத்து ஊர்களில் குடியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வீட்டில் கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழ் பேசுகிறார்கள். ஆகவே காவிரியின் மேல்கரையில் தமிழர் குடியேறியது சுரங்கக் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட செய்தி.

1454-இல் விசயநகரப் பேரரசின் இசைவுடன் இங்கே கோட்டை எழுந்தது. பேரரசின் பிரதிநிதிகள் இங்கிருந்து ஆண்டனர். 1610-இல் மைசூர் ராஜ உடையார் கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைநகரை இங்கே மாற்றினார். இன்று உலகம் முழுவதும் மைசூர்த் தசரா என்று புகழும் விழாவை உடையார் வம்சத்தார் முதன்முதலில் கொண்டாடியதும் அவ்வாண்டில், இத்தீவில்தான்.

தலைநகருக்கு ஆற்றிடைத் தீவைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் வெளிப்படை. நாற்புறமும் நீர் இருந்தால் அகழி வெட்ட வேண்டியதில்லை. குடிநீருக்குக் குறைவில்லை. வாய்க்கால் வெட்டினால் வயலுக்கும் பஞ்சமில்லை. பின்னாளில் இத்தீவை ஆண்ட ஐதர் அலி பிறந்த இடம் கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டை. தங்கவயலிலிருந்து அவ்வூர் அதிகத் தொலைவில் இல்லை. கோலார் மண்ணில் பிறந்த ஒரு போர்வீரர் காவிரித் தீவில் அரசு வீற்றிருந்தார் என்பதைத் தங்கவயல்வாசிகள் நினைவில் வைக்கலாம்.

ஐதரின் மகன் திப்பு சுல்தான் தீவை மேலும் பெருக்கினார். கோட்டைக்குக் கிழக்கே கஞ்சாம் என்ற புறநகரை அமைத்து, சிரா நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். அரசாணைக்கு அஞ்சி வந்தவர்கள். திப்புவின் காலத்தில் தீவில் 1,50,000 பேர் வாழ்ந்தனர் என்பது ஒரு மதிப்பீடு. 1800-இல் அங்கே சென்ற பிரான்சிஸ் புக்கானன் கண்ட தொகையோ சுமார் 32,000 தான். இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பது ஒரே நாள்: 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி.

அந்த நாளின் வெற்றி தோல்வியில் காவிரிக்கும் பங்கு உண்டு. 1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் பிரபு படையுடன் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மழை பிடித்துக்கொண்டது, தானியம் தீர்ந்தது, வண்டி மாடுகள் மடிந்தன. பெரும்பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டு அவர் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஆறு வற்றியிருந்த காலத்தில் வந்து, பாதி ராச்சியத்தையும் திப்புவின் இரண்டு புதல்வர்களையும் பிணையாகப் பெற்றார். 1799-இல் ஜெனரல் ஹாரிஸ் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் காவிரி பெருகுமுன் காரியத்தை முடிக்க விரைந்தார். மே 4-ஆம் தேதி நண்பகல் கழிந்ததும், ஆழமற்றிருந்த ஆற்றைக் கடந்து படை கோட்டைக்குள் புகுந்தது. திப்பு போரிட்டே உயிர்நீத்தார். நிறைந்த ஆறு காத்துவந்த நகரத்தை வறண்ட ஆறு கைவிட்டது.

கோட்டை வீழ்ந்தபின், அங்கே தங்குவது யார் என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. நால்வகை மக்கள் நால்வகை விடை கண்டனர்.

முதலாவது, அரச குடும்பம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. அவருக்கு 1799 ஜூன் 30 அன்று மைசூரில் முடிசூட்டினர். தலைநகரம் மைசூருக்கே திரும்பிற்று. இன்று பிரயாணிகள் மைசூரில் அறை எடுப்பது அந்த முடிவின் தொடர்ச்சியே.

இரண்டாவது, வென்ற தளபதி. கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி கோட்டைக்குள் தங்க விரும்பாமல், மதிலுக்கு வெளியே ஆற்றங்கரைத் தோட்டத்தில் திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையில் குடிபுகுந்தார். தேக்கு மரத்தூண்களும் ஓவியச் சுவர்களும் கொண்ட அந்தக் கோடை மாளிகை அழியாமல் நின்றதற்கு அவர் தங்கியதும் ஒரு காரணம். மேற்குச் சுவரில் 1780-ஆம் ஆண்டுப் போர் ஒன்று பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அது நடந்த இடம் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். ஆங்கிலேயர் தோற்ற காட்சியைச் சுவரில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலேயத் தளபதி அங்கே வாழ்ந்தார். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் கோமகன் இவரே. இதற்கு மாறாக, கோட்டைக்குள் இருந்த திப்புவின் அரண்மனையில் தங்குவார் எவருமில்லை. அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உத்தரங்கள் நீலகிரிக்கு ஏறி, உதகையில் 1831-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தைத் தாங்கி நிற்கின்றன.

மூன்றாவது, திவான் பூர்ணையா. ஐதரிடமும் திப்புவிடமும் பணியாற்றி, புதிய அரசிலும் திவானானவர் இவர். காவிரியின்மீது நெடிய கற்றூண்களால் ஆன பாலத்தை 1804 வாக்கில் கட்டி முடித்து, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரைச் சூட்டினார். பதவியிலிருந்து விலகியதும் மைசூருக்குப் போகவில்லை. தீவிலேயே தங்கி, 1812-இல் அங்கேயே காலமானார். தலைநகரம் போனபின்னும் ஊரைவிட்டுப் போகாதவர்களுக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

நான்காவது, கும்பினியின் பட்டாளம். நம் கதைக்கு இதுவே முக்கியம். கோட்டையில் தங்கிய வெள்ளைச் சிப்பாய்களையும் மதராஸ் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களையும் காய்ச்சல் வாட்டியது. வயலும் வாய்க்காலும் தேங்கிய அகழியும் சூழ்ந்த இடம். குளிர் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்தது. கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்து மருத்துவர் எண்ணினர். கொசுவே காரணம் என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல்தான் கண்டறிந்தார். இளமையில் பெங்களூரிலும் பட்டாள மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். கர்னல் ஸ்காட் என்ற அதிகாரியின் மனைவியும் மக்களும் நோயால் ஒருசேர மாண்டனர் என்றும், அவர் ஆற்றங்கரை வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார் என்றும், அரசர் அதை அப்படியே பல்லாண்டு காத்துவந்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. கதையில் எவ்வளவு மெய்யாயினும், பட்டாளத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் கற்கள் பொய் சொல்லா.

இறுதியில் கும்பினியார் தீவைக் கைவிட்டுப் பட்டாளத்தை மேட்டு நிலத்துக்கு மாற்றத் துணிந்தனர். 1809-ஆம் ஆண்டையொட்டிப் படை பெங்களூருக்குப் பெயர்ந்தது. அல்சூர் ஏரிக்கு அருகே புதிய பாளையம் எழுந்தது. ஆங்கிலத்தில் கன்டோன்மென்ட் எனப்பட்ட அவ்விடத்தை நம்மவர் தண்டு என்றே அழைத்தனர். மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களுக்குத் தானியம் விற்கவும், துணி தைக்கவும், குதிரை பேணவும், கட்டடம் கட்டவும், சமையல் செய்யவும் ஆற்காட்டுச் சீமையிலிருந்து குடும்பங்கள் வந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சல் பெங்களூரில் ஒரு தமிழ் நகரத்தை உண்டாக்கிற்று. இரண்டு ஊர்களின் தொடர்பு ஏட்டிலும் பதிந்தது. 1881-இல் மைசூர் ஆட்சியை உடையார் வம்சத்திடம் ஆங்கிலேயர் திருப்பி ஒப்படைத்தபோது, பெங்களூர்த் தண்டைத் தமக்கென வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஸ்ரீரங்கப்பட்டணத் தீவை மைசூருக்கு விட்டுக்கொடுத்தனர். ஓர் ஊரைக் கொடுத்து ஓர் ஊரைப் பெற்றதாக வேறெங்கும் எளிதில் காண முடியாது.

இனிக் கோலாருக்கு வருவோம். திப்புவின் ராச்சியத்தைப் பங்கிட்டதும், புதிய எல்லைகளை அளக்க வேண்டியதாயிற்று. அப்பணியில் கிழக்கெல்லைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-இல் உரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களில் மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதினார். அவருடைய குறிப்பு 1804-இல் வெளியாகி, நெடுங்காலம் உறங்கிற்று. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு வந்து, பெங்களூர்த் தண்டில் ஓய்வாகத் தங்கிய லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் அதைப் படித்தார். 1871-இல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் புறப்பட்டார். 1875-இல் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை உழைப்பாளிகள் சாரி சாரியாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஆதிதிராவிட மக்கள். மூங்கில் தட்டிகளால் மறைத்த லைன் வீடுகளில் குடியேறினர். தங்கம் எடுக்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

பட்டாளம் தீவிலேயே தங்கியிருக்குமானால், பெங்களூர்த் தண்டு இல்லை; தண்டு இல்லையேல் லாவெல் அங்கே ஓய்வெடுக்க வந்திருக்கவும் இடமில்லை. தங்கம் எப்படியும் ஒருநாள் வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் நம் மக்கள் வந்த வழி இதுதான்.

காவிரியும் அவர்களைப் பின்தொடர்ந்தது. மத்தியரங்கமான சிவனசமுத்திரத்தில் அருவியின் விசையைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 1902 ஜூனில் 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே கோலார்ச் சுரங்கங்களுக்கு அனுப்பினர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டு பின்பு, 1905-இல். கோடையில் ஆறு மெலிந்தால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும். ஆண்டு முழுவதும் நீரைச் சீராக விட வேண்டும் என்ற அந்தத் தேவையும் சேர்ந்துதான் விசுவேசுவரய்யாவின் கிருஷ்ணராஜ சாகர அணைக்கு வித்திட்டது. 1911-இல் தொடங்கிய வேலை 1931-இல் முடிந்தது. அணை நிற்பது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சற்று மேற்கே. தீவின் கரையில் இன்று ஓடும் நீரின் அளவைக்கூடக் கோலார்ச் சுரங்கத்தின் தேவை ஓரளவு மாற்றியிருக்கிறது.

இவ்வளவும் அறிந்தபின், நம் பிரயாணிகளின் கேள்விக்கு விடை கூறுவது எளிது. குழந்தைகளுடன் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, கடைத்தெரு ஆகியவற்றைக் காண்பதே நோக்கமாயின் மைசூரில் தங்குவது நலம். எல்லா வகை விடுதிகளும் அங்கே உண்டு. தசரா நாட்களில் முன்கூட்டியே இடம் பதிவு செய்தல் அவசியம். வரலாற்றைக் காண விரும்புவோர் தீவிலேயே ஓர் இரவு தங்குக. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கோயிலில் காலை வழிபாட்டுக்கும் கோட்டை மதிலைச் சுற்றிவரவும் கோட்டைப் பக்கம் வசதி. சங்கமத்தில் நீராடுவோருக்கும், நிமிஷாம்பா சன்னிதிக்குச் செல்வோருக்கும், திப்புவும் ஐதரும் துயிலும் கும்பஸ் மண்டபத்தைக் காண்போருக்கும் கஞ்சாம் பக்கம் அருகாகும்.

ஆற்றங்கரையில் அறை எடுப்பவர்கள் பழைய பட்டாளத்தின் அனுபவத்தை மறக்க வேண்டாம். கொசுவலை உள்ள அறையைக் கேட்டு வாங்குக. மழைக்காலத்தில் அணையிலிருந்து மிகுநீர் திறந்துவிடும்போது படித்துறையில் இறங்குவது ஆபத்து. விடியற்காலையில் அருகிலுள்ள ரங்கனதிட்டுக்குப் போனால், ஆற்றிடைத் திட்டுகளில் கூடு கட்டி வாழும் பறவைக் கூட்டத்தைக் காணலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் அது சரணாலயமாயிற்று.

ரயிலில் வருவோருக்கு இன்னொரு காட்சியும் உண்டு. இரட்டை ரயில்பாதை அமைப்பதற்காக, திப்பு காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்றை இடிக்காமல், சுமார் 1,000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு தூக்கி 2017-இல் வேறிடத்தில் வைத்தார்கள். மோட்டாரில் வருவோருக்கோ, 2023-இல் திறந்த பெங்களூர் – மைசூர் விரைவுச்சாலை ஊருக்குள் நுழையாமலே அழைத்துச் சென்றுவிடும். வேண்டுமென்றே திரும்பினாலன்றித் தீவுக்குள் போக முடியாது.

நேயர்களே, தங்கும் இடத்தைப் பற்றிய கேள்வி தங்கவயல்வாசிகளுக்குப் பிரயாணத்தோடு முடிவதன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. 1956-இல் மைசூர் மாநிலமும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. தொழில் போயிற்று, மக்கள் போகவில்லை. விடியுமுன் மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீடு திரும்புவோர் ஏராளம். பிழைப்பு அங்கே இருக்க, குடியிருப்பு மட்டும் இங்கே ஏன் என்று உறவினர் கேட்கிறார்கள். இளைஞர்கள் சிலர் பெங்களூருக்கே பெயர்கிறார்கள். முதியோர் லைன் வீட்டை விட மறுக்கிறார்கள்.

இருசாராருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு சான்று. அரசும் பட்டாளமும் ஒரே பத்தாண்டுக்குள் அதைக் கைவிட்டன. காய்ச்சலும் வறுமையும் சூழ்ந்தன. ஆயினும் கோயில் மணி நிற்கவில்லை. வயலில் கரும்பும் நெல்லும் விளைவது நிற்கவில்லை. கஞ்சாமில் குடியிருந்தோர் சந்ததி அற்றுப் போகவில்லை. அரசாணைக்கு அஞ்சி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வூரைச் சொந்த ஊர் என்றனர். போனவர்களும் குறைந்துபோய்விடவில்லை, அவர்கள் போன இடத்தில்தான் பெங்களூர்த் தண்டு வளர்ந்தது. இரண்டையும் வரலாறு ஏற்றுக்கொண்டது.

ஆகவே அடுத்த விடுமுறையில் தங்கவயலிலிருந்து புறப்படும் குடும்பங்கள் ஓர் இரவைத் தீவுக்கு ஒதுக்குக. சுரங்கத்தில் உழைத்த பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்க. மாலையில் வெல்லெஸ்லி பாலத்தருகே அமர்ந்து, இந்த ஆற்றின் விசைதான் நம் சுரங்கத்துக் கூண்டை இறக்கி ஏற்றியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கண்டறிந்தவர் வாயால் கேட்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே இருக்கும்.